முட்டைக் கணக்கு

தெல்செனுக்கு நூற்றுப் பத்து கிலோமீட்டர்,
அத்தனையும் சரளை.
காற்றும் கம்பளி லாரிகளும் சேர்ந்து
சலவைப் பலகைபோல் வரிவரியாய்ச் செதுக்கிய சாலை.
குறிப்பேட்டில் போன மாதம், உடைந்தவை:
இருபத்தெட்டு, முப்பத்தொன்று, இருபத்தாறு,
ஒரு வாரம் நாற்பது.
அன்று அவசரப்பட்டேன்.

என் பிக்கப் எண்பத்தாறாம் வருடத்து ஃபோர்டு.
பம்பரை ஓர் அழுத்து அழுத்திக் கையை எடுத்தால்
ஆமாம் ஆமாம் ஆமாம் என்று
கேள்வியே இல்லாமல் தலையாட்டும்.
எண்ணெய் கசிந்து, அதில் புழுதி ஒட்டி,
பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும்
கம்பளி போர்த்திக்கொண்டு நின்றன.

த்ரெலேவ் நகரத்துக் கடையில் ஃபாப்ரிசியோ
மூன்று வகை எடுத்து வைத்தான்.
என்ன சுமை?
முட்டை.
எவ்வளவு எடை?
இருநூறு கிலோ வரும். ஆனால் தம்பி,
முட்டைக்கு எடையைவிட பயம் அதிகம்.

மஞ்சள் வர்ணம் பூசியது ஒற்றைக் குழாய்,
மலையேறும் வண்டிகளுக்கானது.
கல்லே பயப்படும் என்றான்.
கல் பயந்து எனக்கென்ன?
வாங்கிய குத்தை அப்படியே மேலே அனுப்பும்
விறைப்பு அதற்கு.
மலிவானது வெறும் எண்ணெய்;
இந்தச் சாலையில் சூடேறி, நுரைத்து,
பாதி வழியில் வேலையை விட்டுவிடும்
என் தங்கையின் முன்னாள் கணவனைப்போல.
நடுவே ஒன்று, சாம்பல் நிறம்,
இரட்டைக் குழாய், கொஞ்சம் வாயு.
தண்டை உள்ளங்கையால் அழுத்தினேன்.
அடங்கியது. பிறகு
அவசரமில்லாமல் எழுந்து நின்றது.
இதில் நான்கு கொடு.

ஞாயிற்றுக்கிழமை ஜாக்கோடு வந்தவன்
அதே முன்னாள் கணவன்தான், இலாரியோ.
மூன்று சக்கரம் மதியத்துக்குள் முடிந்தது.
பின் இடது, கீழ் போல்ட் மட்டும்
துருவோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.
துருநீக்கி ஊற்றினோம். மாத்தே குடித்தோம்.
ஸ்பானருக்கு இரும்புக் குழாய் மாட்டித் தொங்கினோம்.
கடைசியில் அறுத்தோம். தீப்பொறிக்கு
நாய் எழுந்து கோழிக் கொட்டகைப் பக்கம் போயிற்று.
கழற்றிய பழையதைக் கையால் அழுத்திப் பார்த்தேன்:
உள்ளே போனது,
உள்ளேயே கிடந்தது.

புதியதன் கட்டை வெட்டியதும்
தூங்கி எழுந்தவன் கால் நீட்டுவதுபோல்
தானாக நீண்டது.
மாட்டி, இறுக்கி, கை துடைக்கும்போது
காலி அட்டைப்பெட்டியைக் காற்று தூக்கிக்கொண்டது.
துரத்திப் போனேன். வேலிக் கம்பியில்
படபடத்துக்கொண்டிருந்தது ஒரு தாள்,
பெட்டிக்குள் நாங்கள் பார்க்காத தாள்:
'ரப்பர் உள்ள இடங்களில்
வண்டி தன் சக்கரங்களில் நின்ற பிறகே
கடைசி முறுக்கு.'
தொங்கும்போது இறுக்கினால்
ரப்பர் முறுகியே வாழுமாம், சீக்கிரம் கிழியுமாம்.
எல்லாவற்றையும் தளர்த்தினோம். இறக்கினோம்.
வண்டி உட்கார்ந்தது. மறுபடி முறுக்கினோம்.
இலாரியோ காற்றைத் திட்டினான்,
காற்று சொன்னது சரி என்பதால்
இன்னும் கொஞ்சம் திட்டினான்.

வியாழக்கிழமை.
நின்றபடியே பயணம் செய்யும் நாய்
வறண்ட ஏரி தாண்டும் முன் சுருண்டு படுத்தது.
அதன் குறட்டையை முதல்முறை கேட்டேன்;
இத்தனை வருடம் வண்டி பேசிக்கொண்டே இருந்ததே.
தெல்செனில் தட்டுகளைப் பிரித்து எண்ணினேன்.
உடைந்தவை: ஒன்று.
அதுவும் நான் கையிலெடுத்தபோது.

பள்ளி விடுதிச் சமையலறைக் கதவில்
எதெல்மிரா நின்றாள்,
விளிம்பு பெயர்ந்த எனாமல் கிண்ணத்தோடு.
விரிசல் முட்டை பாதி விலை.
வெள்ளிக்கிழமை கேக் அதில்தான்.
இன்று எத்தனை? என்றாள்.

அதை நான் யோசித்திருக்கவில்லை.
நாலு ஷாக், ஒரு போல்ட், பெட்ரோல் எல்லாம்
கூட்டி வைத்திருந்தேன், இந்தக் கிண்ணத்தைத் தவிர.

இருபத்தாறு என்றேன்.

ஒரு முட்டையை எடுத்து
ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.
ஒரு கோடும் இல்லை.
சத்தமில்லாமல் கிண்ணத்தில் வைத்தாள், அடுத்ததை எடுத்தாள்.
சாலை இன்னும் மோசமாகிவிட்டது போல
என்றாள்.