குழிமூக்கு

குவாடலூப் ஆற்றுக்கு மேற்கே, தீவனக் கடையில்,
கோழித்தீனி மூட்டைகளும் உப்புக்கட்டிகளும் தாண்டி
நான் நிற்கிற கண்ணாடி மேசை.
ஆல்பினா ஹ்ருஷ்கா உள்ளே வரும்போது
மணி எட்டுகூட ஆகவில்லை.
பூட்ஸில் சோளக்கொல்லைச் சேறு,
பன்றிகள் உழுதுவிட்டுப் போன ஈரத்தோடு.

"நாற்பத்தி நாலு" என்றாள்.
எந்தத் துப்பாக்கிக்கு என்று நான் கேட்கவில்லை.
முட்புதருக்குள் ரைஃபிள் திரும்பாது.
குனிந்தும் சில இடத்தில் தவழ்ந்தும்
நாய்க்குரைப்பின் பின்னால் போகிறவளுக்கு
இடுப்பு ரிவால்வர்தான் கையின் மிச்சம்.

இரண்டு பெட்டி எடுத்து வைத்தேன்.

ஒன்றில் மூக்கு குழிந்த குண்டு.
சதையைத் தொட்டதும் இதழிதழாய் விரியும் என்று
பெட்டிமேல் படம் போட்டிருக்கிறார்கள்.
நான் அதைப் பூ என்று சொல்லி விற்பதில்லை.
மற்றது வார்த்த ஈயம், தட்டை மூக்கு.
விரியாது, வளையாது, வழி கேட்காது.
எலும்பென்றால் எலும்பு. போய்க்கொண்டே இருக்கும்.

கிழட்டு ஆண்பன்றியைத் தோலுரித்தவர்களுக்குத் தெரியும்,
தோள்மேல் ஒரு பலகை இருக்கும்,
சண்டை போட்டுப் போட்டுக் காய்த்தது.
அதன்மேல் சேறும் பிசினும் அப்பிக் காய்ந்து
கத்தியே வழுக்கும்.
குழிமூக்கு அங்கேயே விரிந்துவிட்டால்
உள்ளே போக ஒன்றும் மிஞ்சாது.
கோபம்தான் மிஞ்சும், நூறு கிலோ,
சுட்ட ஆளைப் பார்த்தபடி.

அதனால் போன அக்டோபரில்
"ஈயத்தை எடு" என்றேன்,
எல்லாவற்றையும் அளந்து பார்த்தவன் மாதிரி.
குண்டும் நான் சொன்னபடியே நடந்தது.
இந்தத் தோளில் புகுந்து
அந்தத் தோளில் வெளியேறி
அந்தப் பக்கம்
காதைக் கவ்விக்கொண்டு நின்ற டீக்கனுக்குள்.

வெள்ளை நெஞ்சு. வால் பாதிதான்.
கடைக்கு வந்தால் உப்புக்கட்டியை நக்கும்.
திட்டினால் என்னைப் பார்த்துக்கொண்டே நக்கும்.

அவள் இரண்டு பெட்டியையும் தொடவில்லை.
"பன்றிக்குள்ளே முழுசாப் போயி
பன்றிக்குள்ளேயே நிக்கிற மாதிரி
ஒண்ணு இருக்கா, ஓர்வில்?"

இருக்கிறது என்கிறது மூன்றாவது பெட்டி.
முழுக்கச் செம்பு, விலை இரண்டு பங்கு.
ஜெல்லிக் கட்டியில் சுட்டுப் பார்த்து
இத்தனை அங்குலம் என்று அச்சடித்திருக்கிறார்கள்.
ஜெல்லிக் கட்டிக்குத் தோள்பலகை கிடையாது.
ஜெல்லிக் கட்டிக்கு அந்தப் பக்கம்
யாரும் எதையும் கவ்விக்கொண்டு நிற்பதில்லை.

"அது பன்றியைப் பொறுத்தது" என்றேன்.
"நீ நிற்கிற கோணத்தை" என்றேன்.
அப்புறம் சில்லறைப் பெட்டியைத் திறந்தேன்,
காரணமில்லாமல், மூடினேன்.

அவள் குழிமூக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.
"அது பலகையிலே நின்னுடும், ஆல்பினா."
"காதுக்குப் பின்னாலே பலகை இல்லையே."
"அதுக்கு எவ்வளவு கிட்டே போகணும் தெரியுமா?"
மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி
என் சட்டையின் இரண்டாம் பொத்தானைத் தொட்டாள்.
"இவ்வளவு.
தப்பினா என் பக்கம் தப்பட்டும்."

அதற்கு என்னிடம் பெட்டி இல்லை.
பணத்தை எண்ணி வாங்கினேன்.

வெளியே அவள் லாரியின் ஜன்னலில்
புதுக் குட்டி ஒன்று, பெட்டை,
கண்ணாடியில் மூச்சுவிட்டுத் தன்னையே மறைத்துக்கொண்டிருந்தது.
பெயர் கேட்டேன். இன்னும் வைக்கவில்லையாம்.

உப்புக்கட்டியில் உடைந்த ஓரம் ஒன்று கிடந்தது.
கணக்கில் எழுதாமல் பைக்குள் போட்டேன்.
அவள் பார்த்தாள்.
எடுத்து வெளியே வைக்கவில்லை.