உறவுமுறை என்றொரு கட்டம்

கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடந்த நேரம்.
தாலுகா ஆபீசிலிருந்து வந்தவர்
செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று
வாசலிலேயே நின்றார்.
உள்ளே வாங்க சார், என்றேன்.
குரல் வந்த உயரத்தைத் தேடி
அவர் கண் இரண்டு தடவை இறங்கியது,
தரைவரை.

"உங்களையெல்லாம் யாரும்மா பாத்துக்குறாங்க?"

"நான்தான் சார் பாத்துக்கினு இருக்கேன்"
என்றார் எத்திராஜ்,
கறுப்புக் கண்ணாடியைத் துடைத்தபடி.
கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஊக்கும் கார்டு கவரும் விற்பவர்,
சிரிப்பே வராமல் சொல்வார் இதையெல்லாம்.

குடும்பத் தலைவர் பெயர்?
மகிமைதாஸ் வாயைத் திறந்தார்.
அவர் ஒரு வாக்கியம் முடிய
ஒரு கூட்ஸ் வண்டி முழுசாய்க் கடந்தாக வேண்டும்.
எங்களுக்குப் பழக்கம்.
வந்தவர் பேனாவைத் தட்டினார்,
பாதியில் தானே முடித்து வைத்தார், தப்பாக.
மகிமை மறுபடி
முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தார்:
"மா...சம்... ஒருத்தர்.
இப்போ... பூங்கா...வனம்."

பருப்பு டப்பாவில் துட்டு யாரிடமோ
அவர்தான் அந்த மாதத் தலைவர்.
பூங்காவனம் காசிமேட்டில் இறால் உரிக்கப் போயிருந்தாள்.

நல்லவர்கள் வீடு என்று நினைத்துவிடாதீர்கள்.
கக்கூஸ் ஒன்று, ஆள் நாலு.
முட்டைக் கணக்கில் எத்திராஜுக்கும் எனக்கும்
போன மாதம் பதினொரு நாள் பேச்சில்லை.
அந்தப் பதினொரு நாளும்
அக்குளில் கைகொடுத்துத் தூக்கி
என்னை மூணு சக்கர வண்டியில் உட்கார வைத்தார்,
முகத்தைத் திருப்பிக்கொண்டு.
பார்வை இல்லாதவர் முகத்தைத் திருப்பிக்கொள்வது இருக்கிறதே,
அது தனி ரகக் கோபம்.

ஞாயிற்றுக்கிழமை மகிமைக்கு நகம் வெட்டுவேன்.
துள்ளும் கையை
என் தொடைமேல் அழுத்தி வைத்துக்கொள்வேன்.
போலியோ கால் என்றால் மரத்துப்போனது என்று நினைக்கிறார்கள்.
பலம்தான் இல்லை.
மற்றதெல்லாம் தெரியும் அதற்கு.
இதைப் படிவக்காரரிடம் சொல்லவில்லை.
மகிமையிடமும்தான்.

"சரி, உறவுமுறை?
அண்ணன், தங்கை, வீட்டுக்காரர்...
எதையாவது சொல்லும்மா,
காலியா விட்டா கம்ப்யூட்டர் எடுக்காது."

எனக்கு அந்தக் கயிறுதான் ஞாபகம் வந்தது.
மாஞ்சா போடாத காத்தாடி நூல்,
நாலு புரியாய் முறுக்கியது.
ஒரு முனை பூங்காவனத்தின் மணிக்கட்டில்,
இன்னொன்று என் தலையணைக்கு அடியில்.
கூப்பிட்டால் அவளுக்குக் கேட்காது,
இழுத்தால் கேட்கும்.
நான் எழுந்து போகணும் என்றால் ஒரு இழுப்பு.
மகிமைக்கு வலிப்பு என்றால்
அவள் வந்து நிற்கும்வரை.

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி
கரண்ட் போய்விட்டது.
எண்ணூர் பக்கத்துக் காற்றில்
பெயர் தெரியாத ஏதோ ஒரு நாற்றம்.
நூல் அந்தப் பக்கத்திலிருந்து அசைந்தது.
பதறி டார்ச் அடித்தேன்.
என்னடி, என்று விரல் குவித்துக் கேட்டேன்.
வெளிச்சத்துக்குள் கையைக் கொண்டுவந்து விரித்தாள்,
ஒன்றுமில்லை.
சும்மா.
இருக்கிறேனா என்று பார்த்தாளாம்.

"மற்றவை" என்று நாலு பேருக்கும் போட்டுக்கொண்டார்.
டீயை மிச்சம் வைக்காமல் குடித்தார், அதைச் சொல்லணும்.

கேட் திறந்து ஆட்டோக்கள் கத்த ஆரம்பித்தபோது
"இறாலு வருது" என்றார் எத்திராஜ், மூக்கை நிமிர்த்தி.
பூங்காவனம் வந்தாள்.
விஷயத்தைக் கையால் சொன்னேன்.
ஈரத்தைப் புடவையில் துடைத்து,
அவர் நீட்டிய பேனாவையும் ஒருமுறை துடைத்து,
குடும்பத் தலைவர் கையெழுத்து என்று போட்டிருந்த இடத்தில்
உட்கார்ந்து, பெரிசு பெரிசாய்
தன் பெயரை எழுதினாள்.

நாலாவது எழுத்தோடு கட்டம் முடிந்துவிட்டது.
கோட்டைத் தாண்டி
மிச்சத்தையும் எழுதினாள்.