கால் திருகு

குற்றாலத்தில் சாரல்.
ஐந்தருவியில் நடுங்க நடுங்க நின்றுவிட்டு
ஈரத் துண்டோடு படியேறி வருகிறவர்கள்
லாட்ஜில் கேட்பது ஒன்றுதான்:
"வென்னி வரலையே வே."

மாடியில் சோலாருக்கு ஒரு வாரமாய் வெயில் இல்லை.
கீழே பாய்லர்,
அதன் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பம்ப்.
நெற்றியில் குமிழ்: ஒன்று, இரண்டு, மூன்று.

மூன்றில் வைத்தேன்.
304-க்குப் போய்ச் சேர்ந்தது.
204-இல் சுவருக்குள் யாரோ முனகுகிறார்கள் என்று
புதுமாப்பிள்ளை சட்டை போடாமல் இறங்கி வந்தான்.

இரண்டில் வைத்தேன்.
முனகல் நின்றது. 304-இல் மறுபடி பச்சைத் தண்ணீர்.
"பெரிய பம்பா ஒண்ணு வாங்கிருவோமா, மைதீன்?"
மேனேஜர் ஞானதிரவியம்.

திரும்பி வரும் குழாய்கள் மூன்றையும் தொட்டுப் பார்த்தேன்.
சமையல்கட்டுக் குழாயில் கை வைக்க முடியவில்லை.
இரண்டாவது வெதுவெதுப்பு.
மூன்றாவது, அருவிதான்.

பக்கத்து வீட்டுக்காரனே
பந்தியை முடித்துவிட்டுப் போகிறான்.
அவன் வால்வை ஸ்பேனரால் கால் திருகு மூடினேன்.
பிறகு இன்னும் ஒரு நூல்.
குமிழை ஒன்றுக்கு இறக்கிவிட்டு
எண்ணத் தொடங்கினேன்.

நூற்றுப்பத்தில் மூன்றாவது குழாய்
பூனை வயிறு போல ஆனது.
இன்டர்காமில் 304: "வந்துட்டு."

பம்ப் ஓடுகிறதா என்று
காதை வைத்துத்தான் கேட்கவேண்டியிருந்தது.
வெளியே, குமிழ் இல்லாத அருவி.

சுவரில் எனக்கு முந்தினவர்
பென்சிலால் எழுதியிருந்தார்: எப்பவும் 3.
அதை அடிக்கவில்லை. கீழே எழுதினேன்:
சமையல்கட்டு வால்வு கால் திருகு, ஒரு நூல். வேகம் 1.
தோசை மாஸ்டர் திறந்துவிடுவார்.
காலையில் பார்க்கவும்.