நூறு வோல்ட்

பின்பக்கத் தகட்டில் பொடி எழுத்தில் இருந்தது: நூறு.
ஷார்ஜா சனையாவில் எந்தச் சுவரிலும்
நூறு கிடையாது.
இங்கே சுவருக்குள் ஓடுவது இருநூற்று முப்பது,
கோபம் வந்தால் நாற்பதைத் தாண்டும்.

முதல் பெட்டியை நேரே சொருகியவன் நான்தான்,
பகலெல்லாம் லிஃப்ட் மோட்டாருக்கு வயர் இழுக்கிறவன்.
தகட்டைப் படிக்கவில்லை.
வெடிச்சத்தம்கூட இல்லை,
யாரோ சப்புக்கொட்டியதுபோல் ஓர் ஓசை,
பிறகு மீன் கருகும் வாடை.
ரஃபீக்குல் எழுந்து சமையலறைக்கு ஓடினான்.

இரண்டாவது பெட்டி குல் சமான் கடையில்.
ஜப்பானிலிருந்து கன்டெய்னரில் வரும் பழைய சாமானை
எடைபோட்டு விற்கிறவர்.
ரைஸ் குக்கர், தையல் மிஷின், ஆம்ப்ளிஃபையர்,
எதுவானாலும் கிலோ ஏழு திர்ஹம்.
முள் பதினொன்றரையில் நின்றது.
அதை ஓட்ட வேண்டிய டிரான்ஸ்ஃபார்மர் மட்டும்
எடைக்கு இல்லையாம்,
நூற்றெண்பது.
சுண்டைக்காய் கால் பணம்
சுமைகூலி முக்கால் பணம் என்று
தமிழிலேயே சொன்னேன்.
புரிந்ததுபோல் தலையாட்டி
ஐந்து திர்ஹம் குறைத்தார்.

கட்டிலுக்கடியில் வைத்தோம். உறுமியது.
பாட்டுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை,
உறுமலுக்குத்தான் பஞ்சாயத்து.
நைட் டூட்டி முடிந்து பகலில் தூங்கும் திலக் பகதூர்
தன் முதுகுக்குள் ஒரு வண்டு இருப்பதாகச் சொன்னான்.
லாரி டயர்த் துண்டு,
அதன்மேல் நாலாய் மடித்த கம்பளி,
அதன்மேல் அதை உட்கார வைத்தோம்,
மாப்பிள்ளையை மணையில் வைப்பதுபோல்.
வண்டு பாதியானது.

ஒலிக்குமிழைச் சுற்றிய எண்களில்
ஒன்றும் இரண்டும் மூன்றும் தேய்ந்திருந்தன.
நான்கிலிருந்து பத்துவரை புத்தம்புதுசு.
யாரோ ஒருவர், எத்தனை வருஷமோ,
மூன்றைத் தாண்டவேயில்லை.
அவர் வீட்டுச் சுவரும் மெலிசு போல.
எட்டுப் பேர் ரூமில்
நானும் மூன்றில்தான் நிறுத்தினேன்.

கேம்ப் பாஸ் குரியச்சன் சோதனைக்கு வந்தார்.
ரூமில் அடுப்பு கூடாது, ஹீட்டர் கூடாது.
கம்பளியோரம் கைவைத்துச் சூடு பார்த்து
"இதில் என்ன வேவிக்கிறாய்?" என்றார், மலையாளம் கலந்து.
குறைக்கிறது சார்.
"எதை?"
இருநூற்று முப்பதை நூற்றுப் பத்தாக.
"மிச்சம் எங்கே போகும்?"
இருபது வருஷமாய் வயர் இழுக்கிறேன்,
இதை யாரும் கேட்டதில்லை.
எங்கேயும் போகாது சார் என்றேன்.
நம்பவில்லை.
ஆனால் உட்கார்ந்து ஒரு பாட்டு கேட்டுவிட்டு,
ஷூ லேசை ஒருமுறை அவிழ்த்துக் கட்டிவிட்டுப் போனார்.

நூற்றுப் பத்தும் நூறு இல்லை.
தெரியும்.
ஜனவரியில் ஏ.சி. நிறுத்தி
ஜன்னல் திறந்து கேம்ப் தூங்கும் இரவில்
மீட்டர் வைத்துப் பார்த்தேன்: நூற்றுப் பதினேழு.
பெட்டியின் முதுகு காய்ச்சல்காரன் நெற்றி.
சாக்ஸ் காயப்போடலாம், போட்டேன்.
அரை மணி கேட்பேன். அணைத்துவிடுவேன்.

பிறகு ஆகஸ்ட்.
வெள்ளிக்கிழமை மதியம்,
தார் ரோட்டில் செருப்பு ஒட்டும் நேரம்.
ஆறு மாடி, ரூமுக்கு ஓர் ஏ.சி.,
அத்தனையும் ஒரே கேபிளில் வாய்வைத்து உறிஞ்ச
லைன் இறங்கியது.
ட்யூப் லைட் கண் சிமிட்டியது.
குளிரே வரலை என்று மாடிக்கு மாடி திட்டினார்கள்.
என் மீட்டரில் நூற்றிரண்டு.

தொட்டுப் பார்த்தேன், வெறும் வெதுவெதுப்பு.
அறுநூறு பேர் புழுங்கிய புழுக்கத்தில்
என் பெட்டிக்கு அதன் ஊர்க் கரண்டு கிடைத்துவிட்டது.
ஒரு பக்கம் முழுசாய் ஓடியது,
இன்னொரு பக்கமும்.

மேல்கட்டிலிலிருந்து திலக் பகதூர் தலையை நீட்டி
வண்டு செத்துவிட்டதா என்றான்.
இல்லை, தூங்குகிறது.
செப்டம்பர் கடைசிவரை தூங்கும்.
நீயும் தூங்கு.