மேற்படியார்

பிள்ளையார் சுழி போட்டுத்தான் தொடங்குகிறது.
அதன் கீழே ‘லாபம்’.
அதற்கும் கீழே, முத்து முத்தான கையெழுத்தில்,
அரியநேரி தர்ம பரிபாலன சபை,
தாது வருஷம் ஆடி முதல்.

நூற்றாண்டு மலருக்காகப் பழைய கணக்குகளைப்
பார்த்துத் தரச் சொல்லியிருந்தார்கள்.
காரைக்குடியிலிருந்து ஏழேகால் பஸ்ஸில் வருவேன்.
பர்மாத் தேக்குப் பீரோ, பதினாறு பேரேடு,
மதியத்துக்கு மேல் மட்டும் சுற்றும் மின்விசிறி.
பள்ளிக்கூடம் கட்டியது, ஊருணி வெட்டியது எல்லாம்
பதின்மூன்றாவதோடு முடிந்துவிட்டது.

பதினான்காவதில்
முதல் பக்கத்தில் மட்டும் பெயர் சொல்கிறார்கள்:
பள்ளிவாசல் தெரு ராவுத்தமார், வீடு இருபத்தேழு.
இரண்டாம் பக்கத்திலிருந்து அவர்கள்
மேற்படியார்.

மேற்படியார் கடையில் கொள்முதல் கூடாதென்று
தண்டோரா போட்ட செலவு ஒன்றேகால் ரூபாய்.
மேற்படியார் தொழுகை நேரத்துக்கு மேளம், ஆள் நாலு,
மாதச் சம்பளம்.
மேற்படியார் கிணற்று வழியை அடைக்க
முள், இரண்டு வண்டி.
வக்கீல் ஃபீஸ். மேற்படி. மேற்படி.
கூட்டலில் குறை சொல்ல முடியாது.
இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன்,
எங்காவது ஒரு கை நடுங்கியிருக்காதா என்று.

ஆத்திரத்தில் செய்தார்கள் என்று எழுதிவிடலாம்.
ஆத்திரத்துக்கு யார் ரசீது போடுவார்கள்?
இங்கே போட்டிருக்கிறார்கள்.
உப்பு மூட்டைக்குக் காலணா, கல்யாணத்துக்கு எட்டணா, மகமை.
ரங்கூனிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் வசூல் வந்திருக்கிறது.
பாக்கி வைத்தவருக்கு வட்டி.
வசூல், பாக்கி, ரசீது:
இந்தச் சொற்கள் எந்தப் பக்கமிருந்து
கப்பலேறி வந்தவை என்று
கணக்குப்பிள்ளை யோசித்திருக்க மாட்டார்.

அபராத வரவில் ஒரு பெயர்
விடாமல் வருகிறது.
சிகப்பி ஆச்சி, காட்டுபாவா ராவுத்தர் கடையில்
ஊசி வாங்கிய வகையில் நாலணா.
அடுத்த வெள்ளி, ஊசி, நாலணா.
தைப்பொங்கல் வாரத்திலும் ஊசி.
அன்றைக்கு ஊசி என்ன விலை இருக்கும்?
காலணாவுக்கு நாலைந்து தந்திருப்பார்கள்.
பதினோரு தடவை வாங்கியிருக்கிறாள்.
என்ன தைத்தாள் என்பது கணக்கில் இல்லை.
பன்னிரண்டாவது தடவை இல்லை.
அவள் நிறுத்தினாளோ என்று பக்கத்தைத் திருப்பினால்,
பங்குனி இருபதில் ஒரே வரி:
‘தெரு காலி’.

தினமும் நான் பஸ் இறங்குகிற இடம் அது.
பேரூராட்சிப் பலகையில் ‘காளி தெரு’ என்றிருக்கும்.
கோயில் எங்கே என்று முதல் நாளே கேட்டேன்.
டீக்கடைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு
“இருந்திருக்கும்” என்றார்.

செலவு போக மீதியிருப்பு இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய், ஏழணா.
அதில் வாசகசாலைக்குக் கடிகாரம் வாங்கினார்கள்.
இன்றும் ஒரு நிமிஷம் பிசகாமல் ஓடுகிறது.
அதைப் பார்த்துத்தான் ஊர் மாத்திரை போடுகிறது,
பிள்ளைகளை வேனில் ஏற்றுகிறது.
கடைசி பஸ்ஸுக்கு நானும் அதைத்தான் பார்க்கிறேன்.

தலைவர் சாத்தப்பனிடம் காட்டினேன்.
மூன்றாம் பக்கத்தில் அவருடைய ஐயா பெயர், ஐம்பது ரூபாய்.
காபி ஏடு கட்டும்வரை படித்தார்.
“பிள்ளைக படிக்கிற மலர்ம்மா.
கரையான் அரிச்சிருச்சுன்னு போட்ருங்களேன்.”
அதட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

என் பட்டியலில் ‘நிலை’ என்று ஒரு பத்தி உண்டு.
ஒன்பது: மழையில் நனைந்தது.
பதினொன்று: அட்டை இல்லை.
பதினான்கு என்று எழுதிவிட்டு
மின்விசிறி சுற்றத் தொடங்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.
தடித்த தாள். நல்ல மை.
கரையான் ஓர் எழுத்தையும் தொடவில்லை
என்று எழுதினேன்.