நான்கு நாற்பது

கருவியை ஒரு வாரத்துக்கு வாடகைக்குத் தந்தார்கள்.
முடிவெட்டும் மெஷின் அளவு.
நெற்றிக்கொரு தாங்கி, கன்னத்துக்கொரு தாங்கி,
நடுவில் குண்டூசியின் தம்பி மாதிரி ஒரு முனை.
"விழியைத் தொடும், தொட்டது தெரியாது"
என்றாள் லியெபாயா மருத்துவமனைச் செவிலி.
விஸ்வால்டிஸ் கேட்டது ஒன்றே ஒன்று:
"ஓபோ வாசிக்கலாமா?"
அவள் டாக்டரைக் கேட்கச் சொன்னாள்.
டாக்டர், கருவியைக் கேட்போம் என்றார்.

மருத்துவமனையில் எப்போதும் பதினேழுதான்.
காலை பதினொரு மணிக்குத் தலை வாரி
இன்ஸ்பெக்டர் வந்த நாளின் வகுப்பைப் போலக்
கைகட்டி உட்கார்ந்திருக்கும் பதினேழு.
ஆனாலும் வருடா வருடம்
அவன் இடக்கண்ணின் ஓரத்திலிருந்து
யாரோ கடலை அறுத்துக்கொண்டு போகிறார்கள்.
பக்கத்து நாற்காலிக் கிளாரினெட்காரி ரூடீட்டெ
இப்போதெல்லாம் பாதி உடம்போடு ஒத்திகைக்கு வருகிறாள்
என்று வேடிக்கையாகச் சொன்னான்.
நான் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஓபோக்காரனுக்கு மூச்சு போதாமல் போவதில்லை.
மிஞ்சிப் போகும்.
அந்தச் சீவாளியின் கீற்றுக்குள் நுழைவது கொஞ்சம்,
மீதியெல்லாம் நெஞ்சில் தேங்கிக் கிடக்கும்.
அடுத்த மூச்சு எடுக்குமுன்
பழையதை வெளியே தள்ள வேண்டும்.
நீண்ட சுரத்தின் முடிவில் அவன் கழுத்து நரம்பைப் பார்த்து
முப்பது வருடம் பெருமைப்பட்டிருக்கிறேன்.
இப்போது அதே நரம்பைப் பார்த்தால்
கண் எங்கே போகிறது என்று எனக்கே தெரிகிறது.

பச்சை வளையம் தெரிந்தால் நேராக இருக்கிறது என்று அர்த்தம்.
சிவப்பென்றால் கோணல்.
டிக் டிக் என்று ஆறு முறை,
பிறகு ஒரு நீண்ட பீப்.
எண்ணை மட்டும் நமக்குக் காட்டாது.
அவன் கண்ணின் அழுத்தம்
அவனுக்கே ரகசியம்.
அதனால் டிராம் டிக்கெட்டின் பின்பக்கம்
பந்தயம் எழுதினோம்:
அவன் பதினெட்டு, நான் இருபத்திரண்டு.
தோற்பவர் எதைத் தோற்கிறார் என்று பேசிக்கொள்ளவில்லை.

விடியற்காலை நான்கு நாற்பதுக்கு அலாரம்.
எழுந்து உட்கார்ந்தால் கணக்கு மாறிவிடுமாம்,
படுத்தபடியே பார்க்க வேண்டும்.
அவன் கை தூக்கத்தில் நடுங்கும் என்பதால்
அந்த ஒன்றை மட்டும் நான் பிடித்தேன்.
ட்ஸித்ரா என்ற என் பெயருக்குத் தெளிவு என்று பொருள்.
கண்ணாடி எங்கே வைத்தேன் என்று
கட்டிலடியில் தடவிக்கொண்டிருந்தது அந்தத் தெளிவு.
ஜன்னலுக்கு வெளியே பால்டிக் காற்று.
"இமைக்காதே."
"இமைக்கவில்லை."
"இமைத்தாய்."
சிவப்பு. சிவப்பு. பச்சை.

வியாழக்கிழமை கச்சேரி.
அந்த நீண்ட தனிவாசிப்பை வாசித்துவிட்டு
இடைவேளையில் கழிவறைக்கு ஓடினான்.
கோட்டுப் பையில் கருவி.
கைகழுவும் தொட்டியின் மேல் சாய்ந்து
தன் கண்ணைத் தானே விசாரித்துக்கொண்டிருந்தவனை
டிரம்போன்காரர்கள் பார்த்துவிட்டு
மரியாதையாய் விலகிப் போனார்களாம்.
அன்றிரவு பந்தயச் சீட்டில்
முப்பத்தைந்து என்று எழுதிவிட்டு
ஓபோவைப் பெட்டிக்குள் வைத்தான்,
குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி அல்ல,
சாவியைத் திருப்பித் தருகிற மாதிரி.

திங்கட்கிழமை டாக்டர் ஸ்ட்ராஸ்டினா
வரைபடத்தை மேசையில் விரித்தார்.
கச்சேரிக்குப் பின்: இருபத்தொன்று.
கால்மணியில் பதினெட்டு.
அவர் விரல் அங்கே நிற்கவில்லை.
நான்கு நாற்பது: இருபத்தொன்பது.
நான்கு நாற்பது: முப்பத்தொன்று.
நான்கு நாற்பது: முப்பது.
ஏழு இரவும் ஏழு மேடு.

யாரும் ஊதாத நேரம்.
மல்லாந்து, வாய் திறந்து,
ஒன்றுமே செய்யாமல் கிடந்த நேரம்.
"தூங்கினதற்கா?" என்றான்.
முதலில் சிரித்தான், பிறகு கோபித்துக்கொண்டான்,
யார்மேல் என்று தெரியாமல் குடையை மறந்துவிட்டு வந்தான்.

இப்போது இரவுக்கும் ஒரு சொட்டு மருந்து.
கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு
அடிக்கு இரண்டிரண்டாய்ச் செங்கல்.
அவன் கப்பல் தலைவனைப் போல நிமிர்ந்து உறங்குகிறான்.
நான் இரவு முழுவதும் சறுக்கிச் சறுக்கிக்
கால்மாட்டில் மூட்டையாய்ச் சேர்கிறேன்.

கருவியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.
அலாரமும் இல்லை.
ஆனாலும் விழிப்பு வந்துவிடுகிறது, அதே மணிக்கு.
இருட்டில் அவன் மூச்சைக் கேட்கிறேன்:
முதலில் பழையதை வெளியே தள்ளி,
பிறகுதான் புதியது.
காலையில் கேட்கிறான்,
மூன்றாவது செங்கல் வைத்துப் பார்ப்போமா என்று.
தரையிலிருந்து பதில் சொல்கிறேன்.