பூஜ்யத்துக்குக் கீழே

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே
தார்ரோடு தமிழ்நாட்டுக்குள் போய்
ஒரு புளியமரத்தைச் சுற்றிக்கொண்டு
திரும்பக் கேரளாவுக்கே வந்துவிடும் இடத்தில்
எங்கள் சொசைட்டி.

காலை ஐந்தே முக்காலுக்கு வரிசை.
தூக்கு, கேன், எவர்சில்வர் போணி.
பெயிண்ட் வாளியில் கொண்டுவந்தவரைத்
திருப்பி அனுப்பினேன்.
நான் டெஸ்டர்.
மாதம் ஒன்பதாயிரம், ஞாயிறும் உண்டு.

ஒரு கரண்டிப் பாலை உறிஞ்சிக்கொண்டு
நாற்பது நொடி யோசிக்கும் மெஷின்.
பிறகு கொழுப்பு, கொழுப்பில்லாத சத்து,
கலந்த தண்ணீர் சதவீதம் என்று
சிவப்பு எழுத்தில் தீர்ப்பு.
சீட்டு மலையாளத்தில் வரும்.
அதைப் படிக்காதவர்களும்
எண்ணைப் படித்துவிடுவார்கள்.

நாங்கள் சித்திரை என்றும்
ஆபீஸ் மேடம் என்றும் சொல்கிற மாசம்.
ஆறுச்சாமியின் பாலுக்கு
ஏழு புள்ளி எட்டு.
தண்ணீர், எட்டு சதவீதம்.

பின்னால் யாரோ இருமினார்கள்.

"தண்ணியா?
கெணத்துல கயிறு எட்டல.
போருல காத்துதான் வருது.
நான் குளிச்சே மூணு நாளாச்சு அம்மிணி,
பால்ல ஊத்த எங்க போவேன்?"

வரிசை சிரித்தது.
சிரித்து முடித்த பிறகும்
அவர் அங்கேயே நின்றார்.

சுவரில் விலைப்பட்டியல்.
விரலை வைத்துக் கீழே இறக்கினால்
லிட்டருக்கு ஒரு ரூபாய் முப்பத்தைந்து குறைவு.
தீவன மூட்டை ஏறிவிட்டது,
கஞ்சிக்கோட்டு பியர் சக்கையும் ஏறிவிட்டது,
பட்டியலில் அதற்கெல்லாம் கட்டம் இல்லை.

"அந்தப் பக்கத்து வண்டிக்கு ஊத்திருங்க,
நம்பரே கேக்க மாட்டான், கையில காசு" என்றான் ஒருவன்.
"நம்பர் கேக்காதவன்
நல்ல பாலுக்கும் அதே முப்பத்திரண்டுதான் குடுப்பான்"
என்றாள் வேலாத்தாள், போணியைக் கவிழ்த்துக்கொண்டே.

அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளில்
எல்லார் எண்ணும் இறங்கித்தான் இருந்தது.
என் வீட்டுச் செவலையின் எண்ணும்.
வெயில் என்று நினைத்தேன்.
ராத்திரி புண்ணாக்கைக் கூட ஊறவைத்தேன்.
மாட்டைச் சந்தேகப்பட்டேன், என் கையைச் சந்தேகப்பட்டேன்,
மெஷினைச் சந்தேகப்படவில்லை.

பன்னிரண்டாம் நாள்
ஆறுச்சாமி கேனோடு ஒரு சோடா பாட்டிலும் கொண்டுவந்தார்.
"பஞ்சாயத்து லாரித் தண்ணி.
மொதல்ல இதைப் போடு."

விதியில் இல்லை.
செக்ரட்டரி சசீந்திரன் டீக்கடையில் இருந்தார்.
போட்டேன்.

நாற்பது நொடி.

கொழுப்பு, பூஜ்யம்.
சத்து,
மைனஸ் பூஜ்யம் புள்ளி மூன்று.

கண்ணாடியை ஏற்றிவிட்டு
அவர் அந்தக் கோட்டையே பார்த்தார்,
எண்ணுக்கு முன்னால் நின்ற சின்னக் கோட்டை.
"தண்ணியிலயே
தண்ணி கலந்துட்டேனாட்டம் இருக்குது."

இந்த முறை நான் சிரித்தேன்.
வரிசைக்குப் புரியவில்லை.

பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதினேன்.
"போன் பண்ணினால் போதாதா,
எழுதணுமா?" என்றார் சசீந்திரன்.
வெள்ளிக்கிழமை மெக்கானிக் வந்து
குழாய்க்குள் படிந்திருந்த பால் கறையை
ஒரு பச்சைத் திரவம் ஊற்றிக் கழுவினான்.
பத்து நிமிஷ வேலை.

பதினோரு நாள், நூற்று ஐம்பத்துநாலு லிட்டர்.
ஆறுச்சாமிக்கு வர வேண்டியது
இருநூற்று ஏழு ரூபாய் தொண்ணூறு காசு.
இயக்குநர் குழு இரண்டு கூட்டம் பேசி
எல்லாருக்கும் ஓணம் போனஸோடு சேர்த்துத் தருவதாகத்
தீர்மானம் போட்டிருக்கிறது.
ஓணத்துக்கு இன்னும் நாலு மாசம்.

இப்போதெல்லாம் முதல் ஆளுக்கு முன்னால்
ஒரு கரண்டித் தண்ணீர் வைக்கிறேன்.
பூஜ்யம் வரும்வரை
யாரும் மூடியைத் திறப்பதில்லை.

நேற்று பூஜ்யம் சரியாக வந்தது.
ஆறுச்சாமியின் பாலுக்கு ஏழு புள்ளி ஒன்பது.
வெறும் வைக்கோல் தின்ற மாட்டின்
நிஜமான ஏழு புள்ளி ஒன்பது.

சீட்டை நாலாக மடித்துப்
பையில் வைத்துக்கொண்டார்.
ஒன்றும் சொல்லவில்லை.
மழை பெய்து புல் வந்தால் ஏறிவிடும் என்று
நானாவது சொல்லியிருக்கலாம்.
அடுத்த கேன் வந்துவிட்டது.